உதிராத குங்குமம்

புனேயில் வியாழக்கிழமையன்று போசரிக்குப் போகிறவன் ஒன்று வழி தெரியாதவனாக இருப்பான், இல்லை வம்பைத் தேடிப் போகிறவனாக இருப்பான். அன்றைக்கு அந்தத் தொழிற்பேட்டைக்கு மின்சாரம் கிடையாது. எல்லா ஷட்டர்களும் இறங்கியிருக்கும். வடாபாவ் வண்டிக்காரன்கூட எட்டிப் பார்க்க மாட்டான்.

இருதயராஜ் இரண்டாவது ரகம். விமானப் படையின் காவல் பிரிவில் காலம் தள்ளி, லோஹகாவில் ஓய்வு பெற்று, சொந்த ஊரான தூத்துக்குடிக்குத் திரும்பாமல் விஷ்ராந்த்வாடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் போட்டவர். எதற்கும் அசராத மனிதர்தான். ஆனால் வைஷுவின் கைனடிக் ஹோண்டாவில் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"சார், கண்ணைத் திறங்க. வந்துட்டோம்."

"திறந்துதாம்மா இருக்கு."

"அப்ப அந்த டெம்போ வந்தப்போ ஏன் மாதாவைக் கூப்பிட்டீங்க?"

"டெம்போக்காரனுக்காகக் கூப்பிட்டேன்."

வைஷு அவருடைய ஒரே உதவியாளர். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பேசுவதற்கு மட்டும் கூட்டவோ குறைக்கவோ அவளுக்குத் தெரியாது.

அவர்கள் நின்ற இடம் 'துர்வா டெஸ்ட் ரிக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தின் வாசல். விமானத்தில் மாட்டும் பாகங்களை, மாட்டுவதற்கு முன்னால் அடித்து, ஆட்டி, முறுக்கிப் பார்த்து 'தாங்கும்' என்றோ 'தாங்காது' என்றோ சொல்வது அவர்களுடைய தொழில். போன வாரம் அங்கே ஹரிபிரசாத் என்ற இன்ஜினியர் சோதனை அறைக்குள் மண்டை உடைந்து செத்துப்போனான். இயந்திரம் ஓடும்போதே கவனக்குறைவாக உள்ளே போய்விட்டான் என்று நிறுவனம் சொன்னது. போலீஸும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டது.

வரவேற்பறை பெஞ்சில் அவன் மனைவி ஸ்ரீவித்யா உட்கார்ந்திருந்தாள். இருதயராஜை வரவழைத்தது அவள்தான். அழுது முடித்துவிட்ட முகம். இனிமேல் அதில் வேறெதுவும் வராது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அன்னிக்கு மத்தியானம் ஹரி ஃபோன் பண்ணினார். பீஸ்ல கிராக் வந்துடுத்து, பாதி டெஸ்ட்கூட முடியலைன்னு சொன்னார். கொஞ்ச நேரத்துல அவர் இல்லை. இவா என்ன சொல்றான்னா, கிராக்கே கிடையாது, டெஸ்ட் முழுசா பாஸாயிடுத்து, மிஷினை நிறுத்தறதுக்குள்ள உள்ளே போய் அடிபட்டுட்டார்னு. துக்கத்துல நான் உளறறேனாம்."

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கணுமாம்மா?" என்றார் இருதயராஜ்.

"அது அப்புறம் சார். ஹரி டெஸ்ட் பண்ணிண்டிருந்தது ட்ரெய்னிங் ப்ளேனோட முன்சக்கரத்துக் கால். அதே கால் மாட்டின ப்ளேன் ஆறு, ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல சும்மா நிக்கறது. பழைய ஆயுசு முடிஞ்சுபோச்சு, இன்னும் அதே அளவு ஓட்டலாமான்னு கேக்கத்தான் இந்த டெஸ்ட்டே. இப்ப பாஸ்னு சர்டிஃபிகேட் போயிடுத்து. நாளைக்குக் காலம்பற பசங்க ஓட்டப்போறா. எத்தனாவது அடியில ஹரி கிராக்கைப் பார்த்தாரோ, அத்தனை தடவை அந்த ஆறும் ஏற்கெனவே எறங்கியாச்சு." அவள் குரல் உடையவில்லை. "அதை நிறுத்தணும். நான் சொன்னா யாரும் நிறுத்த மாட்டா. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

 

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். நெற்றியில் திருநீறு, முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வெங்கடேஸ்வரன், சோதனைக்கூடத்தின் தலைவர். அரசாங்க ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் இருந்த ஹரியைத் தேடிப் பிடித்து இங்கே கூட்டி வந்தவரும் இவர்தான்.

"வாங்கோ, வாங்கோ. வித்யா எனக்குப் பொண்ணு மாதிரி. அவ மனசு சமாதானமாகணும்னா எதை வேணா பாருங்கோ. ஒளிக்க ஒண்ணுமில்லை."

ஒளிக்க ஏதோ இருப்பதுபோல நடந்துகொண்டவன் இன்னொருவன். கருப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டு, செல்ஃபோனும் கையுமாக வாசலை மறித்து நின்றான். முதலாளியின் மகன் தேஜஸ்.

"யே சப் க்யா சல் ரஹா ஹை?" என்று ஆரம்பித்தான். இதெல்லாம் என்ன கூத்து, போலீஸே முடித்துவிட்ட விஷயத்தில் பிரைவேட் ஆட்களுக்கு என்ன வேலை, வாடிக்கையாளர் காதில் விழுந்தால் தொழில் என்னாவது என்று இந்தியில் பொரிந்து தள்ளினான். வெங்கடேஸ்வரன் அவன் தோளைத் தட்டி அமைதிப்படுத்த வேண்டியிருந்தது.

"சார், இவன்தான்," என்று வைஷு தமிழில் கிசுகிசுத்தாள். "மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

"நீ எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்குள்ள பொழுது போயிரும். வா உள்ளே."

சோதனை அறையில் மின்சாரம் இல்லாததால் கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம்தான். நடுவில் ஆளுயர இரும்புச் சட்டம். அதன் அடியில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்த ஒரு கால், சக்கரம் இல்லாமல், போல்ட் போட்டு முடுக்கி நிறுத்தப்பட்டிருந்தது. ஹரி விழுந்துகிடந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் மற்ற இடத்தைவிட அந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"இதை எங்க ஃபிட்டர்கள் ஹாதோடான்னு கூப்பிடுவா. சுத்தியல்," என்றார் வெங்கடேஸ்வரன். பேச ஆரம்பித்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "விமானம் எறங்கறச்சே கால்ல என்ன அடி விழுமோ, அதே அடியை இந்த மிஷின் விடாம அடிக்கும். வருஷக்கணக்குல வாங்கற அடியைச் சில வாரத்துல வாங்க வெச்சுடுவோம்."

"சத்தம் பலமா இருக்குமோ?"

"சத்தமா! அதோ அந்தக் கோடி மேஜையில டீ கிளாஸ் வெச்சா, தானா நகர்ந்து போய் ஓரத்துல விழும். எத்தனை கிளாஸ் போச்சுன்னு கேளுங்கோ."

இருதயராஜ் காலைச் சுற்றி வந்தார். மேல் வளைவில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் மேலும் குங்குமம். காய்ந்து, விளிம்பு தூக்கிக்கொண்டு, பார்க்க அழகாக இருந்தது. மூலையில் நின்ற கம்ப்ரஸருக்கும் துளை போடும் மெஷினுக்கும்கூடப் பொட்டு இருந்தது. அவை மஞ்சளும் குங்குமமும்.

"அரே, எங்க எதிர் ஃப்ளாட் மராத்திக் காக்கு வீட்டு வாசல் மாதிரியே இருக்கு," என்றாள் வைஷு, கம்ப்ரஸரைப் பார்த்து. "ஹல்தி-குங்கு. புடவையும் ரவிக்கைத் துணியும்தான் பாக்கி."

"அது ஃபிட்டர்கள் தசராவுக்கு வெச்சது," என்றார் வெங்கடேஸ்வரன். "பீஸுக்கு வெச்சது ஹரி. டெஸ்ட் ஆரம்பிக்கற அன்னிக்கு சாமி கும்பிட்டு வெச்சான். பாவம்."

"நடுநடுவுல புதுசா வைக்கதுண்டோ?"

"சேச்சே! ஆரம்பிச்சப்புறம் முடியற வரைக்கும் பீஸ் மேல விரல் படப்படாது. படுத்துன்னா அந்த டெஸ்ட்டே செல்லாது. எங்க தொழில்ல அது பெரிய தீட்டு."

"அப்பம் இந்தக் கால் எல்லா அடியும் வாங்கி நிக்கிற கால்தான்?"

"சந்தேகமென்ன? இங்கே வாங்கோ, காட்டறேன்."

அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய வண்ணப் படம் ஒட்டியிருந்தது. அதே கால், கம்ப்யூட்டரில் வரைந்தது. உடம்பு முழுக்க நீலம், மேல் வளைவில் மட்டும் சிவப்பாக ஒரு வளையம்.

"இது என் மாடல். ராப்பகலா உக்காந்து கட்டினது. எந்த இடத்துல எவ்வளவு பாரம் விழும், எப்ப களைச்சுப் போகும்னு எல்லாம் இது சொல்லிடும். டெஸ்ட்டுங்கறது இது சொன்னது சரிதான்னு தலையாட்டறதுக்கு. ரெண்டு மடங்கு ஆயுசு தாங்கும்னு சொல்லித்து, தாங்கித்து."

அந்தப் படத்தை அவர் பார்த்த பார்வையைச் சிலர் பேரப்பிள்ளையின் ஃபோட்டோவுக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

இருதயராஜ் தலையைச் சொறிந்துகொண்டார். "சார், அந்தச் சந்தனமும் குங்குமமும் இன்னும் இருக்கா? கொஞ்சம் வேணும்."

"தாராளமா. ஆனா நீங்க..." இருதயராஜின் கழுத்திலிருந்த சிலுவையைப் பார்த்து வெங்கடேஸ்வரன் தயங்கினார்.

"வண்டி வைஷுவோடது சார்."

வெளியே வந்ததும் வைஷு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சார், என் வண்டிக்கு ஆயுத பூஜையா? உங்க ஜெபமெல்லாம் வேலை செய்யலைன்னு கட்சி மாறிட்டீங்களா?"

"வாயை மூடிட்டு சந்தனத்தைக் குழை. கெட்டியா குழைக்கணும். காத்து படாத இடமா வை. முன்னாடி தகட்டுக்கு உள்பக்கம், உன் முட்டி இருக்கில்லா, அங்கே."

மூன்று பொட்டு வைத்தாள். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு இருவரும் வேப்பமர நிழலில் நின்றார்கள். டீக்கடை ஏதும் திறந்திருக்கவில்லை என்பதற்கு வைஷு மூன்று மொழிகளில் வருத்தப்பட்டு முடிப்பதற்குள் சந்தனம் காய்ந்து, விளிம்பு தூக்கி, காலில் இருந்தது மாதிரியே ஆகிவிட்டது.

"இனி ஓட்டு."

"எங்க சார்?"

"எங்கயும் போக வேண்டாம். இந்தத் தெருவிலயே போயிட்டு வா. ஒரு பள்ளத்தையும் விடாதே."

"வாழ்க்கையில முதல் தடவையா எனக்குப் பிடிச்ச வேலை குடுத்திருக்கீங்க."

போசரியில் பள்ளத்துக்கா பஞ்சம்? மழைக்காலம் தோண்டியதை மாநகராட்சி அப்படியே பாதுகாத்து வைத்திருந்தது. வைஷு தெருக்கோடிக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். வண்டி குதித்தது, தகரம் அலறியது. இரண்டாவது முறை திரும்பி வந்து நிறுத்தியபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. கீழே குனிந்து பார்த்தாள்.

தகட்டில் மூன்று சந்தனக் கறை மட்டும் இருந்தது. பொட்டு உதிர்ந்து, மிதியடி ரப்பர் மேலே துண்டு துண்டாகக் கிடந்தது.

"சார்," என்றாள் மெதுவாக. "நாலஞ்சு பள்ளத்துக்கே போயிடுச்சு."

"ம்."

"டீ கிளாஸ் நகர்ற அளவுக்கு அடிக்கிற மிஷின். வாரக்கணக்கா. அதுல வச்ச பொட்டு மட்டும் நேத்து வச்ச மாதிரி இருக்கு."

"அடி வாங்கின காலுன்னு அவங்க காட்டுனது ஒரு அடிகூட வாங்காத கால். ஹரி சோதிச்ச கால் வேற. அதை எடுத்துட்டுப் புதுசு ஒண்ணை மாட்டிட்டாங்க. அந்தப் பிள்ளை உளறலை வைஷு. கிராக் இருந்திருக்கு."

"ஆனா ஒண்ணு புரியலை. மாத்தினவன் சும்மா விட்டிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. எதுக்கு வேலை மெனக்கெட்டுப் பொட்டு வைக்கணும்? பழைய கால்ல பொட்டு இருந்ததுன்னு அதே மாதிரி வச்சானா?"

"பழைய கால்ல பொட்டு முதல் நாளே உதிர்ந்திருக்குமே. மாத்தும்போது வெறும் கறைதான இருந்திருக்கும். பாத்து வைக்கதுக்கு அங்க என்ன இருந்துச்சு?"

வைஷு யோசித்தாள். "அப்ப... ஏமாத்தறதுக்கு வைக்கலை. பழக்கத்துல வச்சிருக்கான். பீஸை மாட்டினா பொட்டு வைக்காம கை வராத ஒரு ஆளு." அவள் கண்கள் விரிந்தன. "தேஜஸ் மராத்திக்காரன், அவன் வச்சா மஞ்சள் இருக்கும் சார். ஃபிட்டர் வச்சாலும் மஞ்சள்தான். சந்தனம் வைக்கிற வீட்டு ஆளு இந்தக் கம்பெனியில ரெண்டே பேர்தான்."

"ஒருத்தன் செத்துட்டான்," என்றார் இருதயராஜ்.

உள்ளே ஸ்ரீவித்யாவை மகள் மாதிரி என்று சொன்ன குரல் இருவர் காதிலும் இருந்தது.

திரும்பிப் போனபோது வெங்கடேஸ்வரன் தன் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ரெண்டு வாய் சாப்பிடும்மா, உடம்பு என்னத்துக்காகும்," என்று ஸ்ரீவித்யாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். தேஜஸ் ஜன்னலோரம் நின்று யாருக்கோ குறுஞ்செய்தி தட்டிக்கொண்டிருந்தான். இருதயராஜ் உட்காரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார்: பொட்டு, பள்ளம், கறை. வைஷு அதை இந்தியில் தேஜஸுக்குச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் செல்ஃபோன் கீழே இறங்கியது.

"இவ்வளவுதானே?" வெங்கடேஸ்வரன் புன்னகைத்தார். "ஹரி நடுவுல திருப்பி வெச்சிருப்பான்."

"நடுவுல விரல் பட்டா டெஸ்ட் செல்லாதுன்னு நீங்கதான் சொன்னீக. அப்பம் சர்டிஃபிகேட்டும் செல்லாதுல்லா?"

புன்னகை அப்படியே நின்றது. தப்பிக்க இரண்டு வழி இருந்தது அவருக்கு: பொட்டு முதலிலிருந்தே இருந்தது என்பது ஒன்று, நடுவில் வைத்தது என்பது இன்னொன்று. இரண்டையும் அவரே முன்கூட்டி அடைத்து வைத்திருந்தார்.

"மாமா?" என்றாள் ஸ்ரீவித்யா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. எழுந்து மூலையிலிருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். கீழ்த்தட்டில் மடிப்புக் கலையாத புது வேட்டியில் சுற்றி ஏதோ இருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி மேஜைமேல் வைத்துப் பிரித்தார். வெள்ளைக் கால், இரண்டு துண்டாக. மேல் வளைவில் சந்தனக் கறை மூன்று. உடைந்தது அந்த வளைவில் அல்ல, கீழே போல்ட் நுழையும் ஓட்டையில். படத்தில் அந்த இடம் நல்ல நீலமாக இருந்தது.

"குப்பையில போட மனசு வரலை," என்றார். "பூஜை பண்ணின பீஸ்."

தேஜஸ் மராத்தியில் கடவுளைக் கூப்பிட்டான்.

"என்ன நடந்தது?" என்றார் இருதயராஜ்.

"கிராக்குன்னு வந்து நின்னான். நான் போய்ப் பார்த்தேன். மயிரிழை மாதிரி ஒரு கோடு. பெயின்ட்ல விழுந்த கீறல்டா, மாடல்படி அந்த இடத்துல வரவே வராதுன்னேன். அவன் கேக்கலை. 'சார், உங்க மாடல்ல அந்த ஓட்டை வழவழன்னு இருக்கு, நிஜத்துல டிரில் போட்ட ரணம் இருக்கு'ன்னு எனக்கே பாடம் எடுத்தான். ஃபெயில்னு எழுதப்போறேன்னான்." மூச்சு வாங்கினார். "ஃபிட்டர்கள் சாப்பிடப் போயிருந்தா. அவன் உள்ளே போய்ப் பீஸ் பக்கத்துல குனிஞ்சு நின்னு கோட்டைச் சுத்தி பேனாவால மார்க் பண்ணிண்டிருந்தான். நான் வெளியில ஸ்விட்ச்கிட்ட நின்னேன்."

"அவர் உள்ளே இருக்கார்னு தெரியுமா?" என்று கேட்டாள் வைஷு.

"தெரியும்."

ஸ்ரீவித்யா டிபன் டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"கொல்லணும்னு போடலை," என்றார் வெங்கடேஸ்வரன், மிகவும் பொறுமையாக, புரியாத மாணவனுக்குச் சொல்வதுபோல. "பாருடா, உன் கண் முன்னாடியே அடிக்கிறது, ஒண்ணும் ஆகலை பாருன்னு காட்டத்தான் போட்டேன். உடையாதுன்னு எனக்கு நிச்சயமா தெரியும். ரெண்டே அடியில உடைஞ்சு அவன் மண்டையில பாஞ்சுடுத்து. ஆனா என் கணக்குல அது உடையாது."

இருதயராஜ் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்தவர். கோபத்தில் கொன்றவன், குடித்துவிட்டுக் கொன்றவன், பயந்து கொன்றவன் எல்லோரையும் பார்த்திருக்கிறார். ஒரு மனிதன் செத்துக்கிடந்த பிறகும் தன் கணக்கு சரி என்று நம்பி, புதுக் காலை மாட்டி, அதற்குப் பொட்டும் வைத்துவிட்டு, பிறகு போலீஸைக் கூப்பிட்டவனை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"நாளைக்குப் பறக்கிற விமானங்களை முதல்ல நிறுத்துங்க," என்று தேஜஸிடம் இந்தியில் சொன்னார்.

தேஜஸ் அதற்கு முன்பே செல்ஃபோனை மேஜைமேல் போட்டுவிட்டு, அங்கிருந்த தொலைபேசியைப் பிடுங்கி எண்களை அழுத்த ஆரம்பித்திருந்தான். ஒருமுறை தப்பாகி மறுபடி அழுத்தினான். மறுமுனையில் யாரோ பேசினார்கள். ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"நாளைக்கு இல்லை," என்றான் இந்தியில். "நாளைக்கு வானத்தை மேகம் மூடப்போகிறதாம். சர்டிஃபிகேட் வந்துவிட்டதே என்று இன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று மேலே இருக்கிறது. ஒரு இன்ஸ்ட்ரக்டர், ப்ரீதி என்று ஒரு மாணவி. இப்போது இறங்க வேண்டிய நேரம்."

ஸ்ரீவித்யா எழுந்து நின்றாள்.

மேலே இருக்கிற விமானத்துக்கு இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. எரிபொருள் தீரும் வரை சுற்றலாம், அவ்வளவுதான். தேஜஸ் ஃபோனில் கத்தினான். முன்சக்கரத்தை நம்ப வேண்டாம், இன்ஸ்ட்ரக்டரே இறக்கட்டும், மூக்கைக் கடைசி வரை தூக்கியே வைத்திருக்கட்டும், தீயணைப்பு வண்டி ஓடுபாதைக்குப் போகட்டும். இத்தனை நேரம் திமிர் பிடித்தவனாகத் தெரிந்தவனின் நெற்றியிலிருந்து வியர்வை மேஜையில் சொட்டியது. வைஷு அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

பிறகு கேட்பது மட்டும்தான் மிச்சம். மறுமுனையில் சொல்வதை அவன் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான். சுற்றுகிறது. திரும்பிவிட்டது. தெரிகிறது. தாழ்வாக வருகிறது. பின்சக்கரம் தொட்டுவிட்டது.

ஸ்ரீவித்யா மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"மூக்கு இன்னும் மேலே... மேலே... இறங்குகிறது..."

தேஜஸ் நிறுத்திவிட்டான். மறுமுனையில் என்ன நடக்கிறது என்று அவன் முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. வைஷு இருதயராஜின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டது அவளுக்கே தெரியாது.

"நின்றுவிட்டது," என்றான் தேஜஸ். "இருவரும் இறங்கி நடக்கிறார்கள்." ரிசீவரைத் தோளில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து, வெட்கப்படாமல் அழுதான்.

இருதயராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நிமிர்ந்தபோது வெங்கடேஸ்வரனின் முகம் கண்ணில் பட்டது. அதில் நிம்மதி இருந்தது. அது அந்தப் பெண் பிழைத்ததற்கான நிம்மதி அல்ல. பரீட்சையில் மதிப்பெண் வந்தவனின் நிம்மதி.

"பார்த்தேளா?" என்றார். குரலில் உயிர் வந்திருந்தது. "தாங்கித்தோல்லியோ? நான் சொன்னேனே, தாங்கும்னு."

வைஷு அவரை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்தாள். இருதயராஜ் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். பேசியது ஸ்ரீவித்யா.

"ஹரி தினமும் ஆத்துக்கு வந்ததும் அதைத்தான் சொல்லுவார் மாமா. இன்னிக்குத் தாங்கிடுத்துன்னு." அவள் அந்த உடைந்த காலின் மேல் கையை வைத்திருந்தாள். "கிராக் வந்த அன்னிக்குக்கூடக் காலம்பற கிளம்பறச்சே, நேத்திக்கும் தாங்கிடுத்து வித்யான்னு சொல்லிட்டுத்தான் போனார்."

வெங்கடேஸ்வரன் பிரித்த வேட்டியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார். தேஜஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறு விமானங்களையும் ஷெட்டில் வைத்துப் பூட்டச் சொல்லி ஃபோனில் மறுபடி பேச ஆரம்பித்தான். வைஷு அவனுடைய செல்ஃபோனை மேஜையிலிருந்து எடுத்து, போலீஸுக்கு அடித்தாள்.